கைப்பேசிக்குள் ஒரு துபாஷி... கோழிப்பண்ணைக்கும் மரவள்ளி வயலுக்கும்!

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் இன்றைக்குத் தமிழ் மட்டும் தெரிந்தால் வேலை ஓடாது. தீவனம் போடுகிறவர், முட்டை பொறுக்குகிறவர், எரு அள்ளுகிறவர் எனப் பலரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கொஞ்சம் சைகை, கொஞ்சம் அரைகுறை இந்தி, நான்கு வருடம் இங்கேயே இருந்து தமிழ் பழகிவிட்ட ஒரு மூத்த தொழிலாளி என்று நாள் ஓடிவிடுகிறது. சாதாரண நாளுக்கு இது போதும். தடுப்பூசி நாளுக்குப் போதாது.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைப் பல பண்ணைகளில் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுக்கிறார்கள். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். தொட்டியில் குளோரின் இருந்தால் அது செத்துவிடும். அதனால்தான் மருந்து கொடுப்பதற்கு முன்பே குளோரின் கலப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். மீதமிருக்கும் குளோரினை முறிக்கக் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரில் கலக்கச் சொல்வதுண்டு. முதல் நாள் மாலை மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்: "தம்பி, நாளைக்குத் தண்ணியில குளோரின் போட வேணாம்." கோழிகளின் சத்தத்தில் அந்தக் கடைசிச் சொல் மட்டும் சரியாகப் பதியவில்லை என்றால் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும் செய்தி என்ன? 'நாளைக்குத் தண்ணீரில் குளோரின் போட...' அவ்வளவுதான். மருந்து கொடுத்தாகிவிட்டது என்று பதிவேட்டில் இருக்கும். கோழிக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப, வாட்ஸ்அப் அல்லது டெலிகிராமில் வரும் செய்தியைத் தானாகவே மொழிபெயர்த்து அனுப்பும் 'பாட்' ஒன்றை இப்போது பண்ணையே அமைத்துக்கொள்ள முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் அமைக்கலாம். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே நடப்பில் இருப்பவை

இது புதுக் கற்பனை இல்லை. 2022 ஜூலை 4-ம் தேதி காந்திநகரில் நடந்த விழாவில் மத்திய அரசின் 'பாஷினி' மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பேச்சை எழுத்தாக்குவது, எழுத்தை வேறு மொழிக்கு மாற்றுவது, மாற்றியதைக் குரலாகப் படித்துக் காட்டுவது ஆகிய மூன்று வேலைகளையும் இந்திய மொழிகளில் செய்து தருவதே இதன் நோக்கம். சென்னை ஐ.ஐ.டி-யில் இயங்கும் 'ஏ.ஐ.4பாரத்' ஆராய்ச்சிக் குழு, அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்குமான 'இண்டிக்டிரான்ஸ் 2' என்ற மொழிபெயர்ப்பு மாதிரியை 2023-ல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

அதே 2023-ல் 'ஜுகல்பந்தி' என்ற வாட்ஸ்அப் பாட் ஹரியானாவின் பிவான் கிராமத்தில் சோதிக்கப்பட்டது. இரு வித்வான்கள் சேர்ந்து வாசிப்பதற்கு வடக்கே சொல்லும் பெயர் இது. கிராமத்து ஆள் தன் மொழியில் பேசி அனுப்புவார். பேச்சு எழுத்தாகும். எழுத்து ஆங்கிலத்துக்கு மாறும். அரசுத் திட்ட விவரங்களிலிருந்து பதில் தேடப்படும். கிடைத்த பதில் மறுபடி அவருடைய மொழிக்கு மாறிக் குரலாக அவர் கைப்பேசிக்கு வரும். 2023 மே மாத நிலவரப்படி 10 மொழிகளில் 171 அரசுத் திட்டங்களைப் பற்றி அது பதில் சொன்னது.

விவசாயிகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது 'கிசான் இ-மித்ரா'. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம்.கிசான் திட்டம் குறித்த சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல, 2023 செப்டம்பர் 21-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சகம் இதைத் தொடங்கியது. பாஷினியின் மொழிபெயர்ப்பு இதில் இணைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் இருந்த ஐந்து மொழிகளில் தமிழும் ஒன்று.

இவை பெரிய நிறுவனங்களும் அரசும் கட்டிய பெரிய கால்வாய்கள். ஆனால் 'நாளைக்குக் குளோரின் வேண்டாம்' என்ற செய்தியை நம் பண்ணையில் இருக்கும் ஒடியாக்காரத் தம்பிக்கு இவை கொண்டுபோய்ச் சேர்க்காது. அதற்கு நாமே ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும்.

சொட்டுநீர் போட்டவருக்குப் புரியும் கணக்கு

'லோ-கோட்' என்று சொல்லப்படும் இந்த முறையைப் புரிந்துகொள்ள, சொட்டுநீர்ப் பாசனம் போட்ட எந்த விவசாயிக்கும் சிரமம் இருக்காது. மோட்டார், வடிகட்டி, உரம் கலக்கும் வென்சுரி, கேட் வால்வு, பக்கக் குழாய் எல்லாம் தனித்தனியாகக் கடையில் கிடைக்கின்றன. எந்த விவசாயியும் மோட்டாரைத் தானே செய்வதில்லை. எதை எதற்குப் பின்னால் மாட்ட வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

இங்கேயும் அப்படித்தான். என்எய்ட்என், மேக், ஜாப்பியர், மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் போன்றவை குழாய் மாட்டும் பலகைகள். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கோடு இழுத்தால், முதல் பெட்டியில் வந்த தகவல் அடுத்ததற்குப் பாயும். இவற்றில் என்எய்ட்என் மென்பொருளைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாக வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் ஓரளவுக்கு இலவசம், அதற்கு மேல் மாதச் சந்தா.

பண்ணைக்கான பாட் ஒன்றில் பெட்டிகள் இந்த வரிசையில் அமையும்:

1. மோட்டார்: செய்தி வந்ததும் ஓட்டத்தைத் தொடங்கும் பெட்டி. டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்ற கணக்குக்குச் செய்தி அனுப்பினால், சில நிமிடங்களில் புது பாட் ஒன்றும் அதற்கான ரகசியச் சாவி ஒன்றும் கிடைக்கும். கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் மெட்டா நிறுவனத்தின் வணிகக் கணக்கும், அதற்கென ஒதுக்கிய தனி எண்ணும் வேண்டும்.

2. வடிகட்டி: வந்தது எழுத்தா, குரலா, படமா என்று பிரிக்கும் பெட்டி. குரலாக இருந்தால் பேச்சை எழுத்தாக்கும் சேவைக்குப் போகும். எழுத்தாக இருந்தால் நேரே அடுத்த பெட்டிக்கு.

3. சொல் தொட்டி: நம் ஊர்ச் சொற்களை மொழிபெயர்ப்புச் சேவைக்குப் புரியும் சொற்களாக மாற்றும் அட்டவணை. கூகுள் ஷீட்டில் இரண்டு பத்தி போட்டாலே போதும்.

4. வென்சுரி: மொழிபெயர்ப்புச் சேவை. பாஷினி, கூகுள், மைக்ரோசாஃப்ட் என எதை வேண்டுமானாலும் இணைக்கலாம். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று குறிப்பிட்டு, சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

5. கேட் வால்வு: ஆபத்தான சொல் ஏதாவது இருந்தால் செய்தியை நிறுத்தி, மேற்பார்வையாளர் சரி என்ற பிறகே விடும் பெட்டி.

6. பக்கக் குழாய்: யார் யாருக்கு எந்த மொழியில் போக வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்து அனுப்பும் பெட்டி. கூடவே எல்லாச் செய்தியையும் ஒரு ஷீட்டில் பதிந்து வைக்கும்.

முதல் முறை இதை மாட்ட, கம்ப்யூட்டர் பழக்கமுள்ள ஒருவருக்கு ஓரிரு நாள் ஆகும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அவரே செய்துவிடுவார். ஆனால் 3-வது, 5-வது பெட்டிகளை அவர் தனியாகச் செய்ய முடியாது. அங்கே பண்ணையும் வயலும் தெரிந்த பெரியவர்கள் உட்கார வேண்டும்.

மாட்டும்போது வரும் அடைப்புகள்

டெலிகிராம் குழுவில் பாட்டைச் சேர்த்துவிட்டு, "ஒன்றுமே பதில் வரவில்லையே" என்று பலரும் திகைப்பதுண்டு. குழுவில் சேரும் பாட், கட்டளையாக அனுப்பும் செய்திகளை மட்டுமே பார்க்கும்படிதான் முதலில் அமைக்கப்பட்டிருக்கும். பாட்ஃபாதரிடம் போய் அந்தத் தனியுரிமைக் கட்டுப்பாட்டை நீக்கினால்தான் எல்லாச் செய்தியும் அதன் காதில் விழும்.

வாட்ஸ்அப்பில் வேறு சிக்கல். 'அனுப்பப்பட்டது', 'சேர்ந்தது', 'படிக்கப்பட்டது' என்ற தகவல்களும் புதுச் செய்தி வரும் அதே வழியாகத்தான் வந்து சேரும். அவற்றை வடிகட்டாமல் விட்டால், ஒரு செய்திக்கு ஓட்டம் நான்கு முறை ஓடும். சந்தாவும் அந்தக் கணக்கில் கரையும். இன்னொன்று, ஒருவர் நமக்குச் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் நாம் தாராளமாகப் பதில் எழுதலாம். அதற்குப் பிறகு நாமாக அனுப்ப வேண்டுமென்றால், மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புச் செய்தியாகத்தான் அனுப்ப முடியும். அதற்குக் கட்டணம் உண்டு. காலையில் வேலைக்கு வந்ததும் ஒவ்வொரு தொழிலாளியும் 'வந்துவிட்டேன்' என்று ஒரு செய்தி போடும் பழக்கம் இருந்தால், வருகைப் பதிவும் ஆகும், அந்த 24 மணி நேர வாசலும் திறந்திருக்கும்.

வெள்ளைக்கழிச்சல் வேறு நோயாகும் இடம்

உண்மையான ஆபத்து குழாயில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 'வெள்ளைக்கழிச்சல்' என்று நாம் சொல்வது ராணிக்கெட் நோயை. வைரஸால் வருவது. மொழிபெயர்ப்பு இயந்திரம் இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால் 'வெள்ளை வயிற்றுப்போக்கு' என்று ஆகும். கோழி மருத்துவத்தில் அந்தப் பெயர் பழைய நாளில் புல்லோரம் நோய்க்கு இருந்தது. அது பாக்டீரியாவால் குஞ்சுகளுக்கு வருவது. இரண்டுக்கும் தடுப்பு வேறு, மருத்துவம் வேறு. அட்டவணையில் 'வெள்ளைக்கழிச்சல்' என்பதற்கு எதிரே 'ராணிக்கெட் நோய்' என்று போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். ராணிக்கெட் என்பது உத்தரகண்டில் உள்ள ஊரின் பெயர். இந்தி தெரிந்தவர்களிடமும் இதே பெயரில்தான் நோய் புழங்குகிறது.

மரவள்ளியிலும் இதே கதைதான். சேலம் வட்டாரத்தில் 'குச்சிக்கிழங்கு' என்றால் குழந்தைக்கும் தெரியும். இயந்திரம் குச்சியைத் தனியாகவும் கிழங்கைத் தனியாகவும் பார்க்கும். நடவுக்கு வெட்டும் 'குச்சி' வெறும் சுள்ளியாகிவிடும். 'மருந்து அடிக்கணும்' என்பதில் உள்ள 'அடி' உதையாகவும் போகலாம். கிழங்கின் மாவுச்சத்தைக் குறிக்கும் 'பாயிண்ட்' வெறும் புள்ளியாகும். ஆலைக் கழிவான 'திப்பி'க்கு இயந்திரத்திடம் சொல்லே இல்லாமல் போகலாம். வடமாநில வியாபாரி ஒருவர் இந்தியில் விலை கேட்டு, பாட் மூலமாகப் பதில் போகிறது என்றால், 'பாயிண்ட்', 'மூட்டை' இரண்டையும் விளக்கமாக எழுதியாக வேண்டும். ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை எண்ணில் போட வேண்டும்.

அட்டவணை போடும்போது நீளமான சொல்லை முதலில் வைக்க வேண்டும். 'குச்சி' என்பதை 'விதைக்கரணை' என்று மாற்றும் வரி மேலே இருந்தால், 'குச்சிக்கிழங்கு' என்ற சொல் 'விதைக்கரணைக்கிழங்கு' என்ற புதுப் பயிராகிவிடும். தமிழில் சொல்லோடு வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 'மருந்து' என்று மட்டும் எழுதிவைத்தால் 'மருந்தை', 'மருந்தில்' என்று வருவது சிக்காது. அவற்றையும் தனித்தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

குளவி என்றால் கொட்டுமா?

மாவுப்பூச்சி விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. அடுத்து சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து பெரும் சேதத்தை உண்டாக்கியது. இதை அடக்கும் 'அனகைரஸ் லோபெசி' என்ற சிறு குளவியை, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவன மையத்திலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் வரவழைத்தது. 2022 மார்ச் 7-ம் தேதி ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவி வயலில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1980-களில் இதே மாவுப்பூச்சியை இதே குளவியைக் கொண்டுதான் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

குளவி விட்ட வயலில் கண்டபடி பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவியும் செத்துவிடும். இந்தச் செய்தியை வயலில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு பாட் வழியாகச் சொல்ல வேண்டும். 'குளவி' என்பது இந்தியில் கொட்டும் குளவியாகவே போய்ச் சேரும். 'ஒட்டுண்ணி' என்றால் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிப்பது என்ற பொருள்தான் முதலில் தோன்றும். இரண்டுமே விரட்டி அடிக்க வேண்டியவை என்றுதான் கேட்பவருக்குப் படும். வட மாநில வேளாண் விரிவாக்கத்தில் இப்படிப்பட்ட பூச்சிகளை 'மித்ர கீட்', அதாவது நண்பப் பூச்சி என்கிறார்கள். அந்தச் சொல்லை அட்டவணையில் ஏற்றிவிட்டால், மில்லிமீட்டர் அளவே உள்ள, மனிதரைக் கொட்டாத அந்தக் குளவி பிழைத்துக்கொள்ளும். மாவுப்பூச்சிக்கு எதிரான நம் முதலீடும் பிழைக்கும்.

வேண்டும், வேண்டாம்: ஒரு எழுத்து உயிர்

தமிழில் 'வேண்டும்' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு எழுத்து. பேச்சில் 'வேணும்', 'வேணாம்'. அதுவும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இந்தியில் 'மத் டாலோ' என்று, மறுப்பு வினைக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆகவே குரல் பதிவு கடைசியில் அறுந்தால் இந்திக்காரரைவிடத் தமிழருக்கே நஷ்டம் அதிகம். இதற்குக் கைகண்ட சில வழிகள் உண்டு.

ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். "நாளை குளோரின் போட வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும் விடவும்." ஒரு வாக்கியம் பிசகினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

'ஒன்றரை', 'முக்கால்', 'காலே அரைக்கால்' என்று பேசக் கூடாது. 1.5 என்று எண்ணில் எழுத வேண்டும். எண் மொழி மாறாது. மில்லியா, லிட்டரா, ஏக்கருக்கா, டேங்குக்கா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

கேட் வால்வுப் பெட்டியில் மருந்து, தடுப்பூசி, குளோரின், மில்லி, கிராம், தெளி, வேண்டாம், கூடாது போன்ற சொற்களை ஏற்ற வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் செய்தி நேரே போகாது. மொழிபெயர்த்ததை மறுபடி தமிழுக்கு மாற்றி மேற்பார்வையாளருக்குக் காட்டி, அவர் '1' என்று பதில் அனுப்பினால்தான் போகும். ஆனால் இந்தத் திருப்பிப் பார்க்கும் முறையையும் முழுதாக நம்ப முடியாது. போகும்போது செய்த தப்பை வரும்போது இயந்திரமே சரிக்கட்டிவிடுவதும் உண்டு.

அதனால் கடைசிச் சோதனை தொழிலாளியிடம்தான். "சரி" என்ற பதிலை ஏற்காமல், நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லி அனுப்பச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது தமிழாகி வரும்போது தொட்டியில் என்ன நடக்கப்போகிறது என்பது தெரிந்துவிடும். மருந்து கலக்கும் நேரத்தில் மேற்பார்வையாளர் நேரில் நிற்பதற்கு பாட் எந்த நாளும் மாற்றாகாது.

வடக்கிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் இந்தி தாய்மொழி என்று நினைப்பதும் தவறு. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் வீட்டில் சந்தாலியோ சாத்ரியோ பேசுபவராக இருக்கலாம். சந்தாலி அட்டவணை மொழிகளில் ஒன்று, சாத்ரி இல்லை. வேலைக்குச் சேரும் நாளில் "எந்த மொழி? படிப்பீர்களா, கேட்பீர்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுப் பட்டியலில் குறித்துக்கொள்வது நல்லது. படிக்கத் தெரியாதவருக்குக் குரலாகவே செய்தி போகும்படி செய்யலாம்.

எவ்வளவு செலவாகும்?

மொழிபெயர்ப்புச் சேவைகள் எழுத்தை எண்ணிக் காசு வாங்குகின்றன. ஒரு செய்திக்குச் சுமார் 200 எழுத்து, நாளுக்கு 50 செய்தி என்றால், 30 நாளில் 3,00,000 எழுத்து. கூகுள் சேவையில் மாதம் முதல் 5,00,000 எழுத்து இலவசம். அதற்கு மேல் 10 லட்சம் எழுத்துக்கு 20 டாலர். இந்தி மட்டும் என்றால் செலவே இல்லை. இந்தி, ஒடியா, வங்காளம் என மூன்று மொழிக்கு அனுப்பினால் 9,00,000 எழுத்து ஆகும். இலவசம் போக 4,00,000 எழுத்துக்கு மாதம் 8 டாலர். மைக்ரோசாஃப்ட் சேவையில் மாதம் 20 லட்சம் எழுத்து வரை இலவசம். 'கோ' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் அது இரண்டு. திருப்பிப் பார்க்கும் மொழிபெயர்ப்புக்கும் தனிக் கணக்கு. பேச்சை எழுத்தாக்குவதற்கும் வேறு கட்டணம். ஆக, கையில் இருக்கும் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சேவைகளின் கட்டணம் மாறக்கூடியது என்பதால், இணைக்கும் நாளில் ஒரு முறை பார்த்துக்கொள்வது அவசியம்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: விவசாயிகளின் பயிர்ச் சந்தேகங்களுக்கும் இந்த பாட்டையே பதில் சொல்ல வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பதிலை இயந்திரம் சொந்தமாக எழுதக் கூடாது. அடிக்கடி வரும் 40, 50 கேள்விகளுக்கு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுச் சரிபார்த்த பதில்களை ஷீட்டில் எழுதி வைத்து, அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி அமையுங்கள். சேலத்தில் சந்தியூரிலும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் இந்த நிலையங்கள் உள்ளன. பட்டியலில் இல்லாத கேள்வி என்றால், 'இதற்கு ஆள்தான் பதில் சொல்வார்' என்று கூறி, கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற இலவச எண்ணை பாட் கொடுக்க வேண்டும். 2004 முதல் இயங்கும் அந்த எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: தொழிலாளர்களின் எண், ஆதார் எல்லாம் இதில் போகுமே, பாதுகாப்பா?

ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை பாட் வழியாகக் கேட்கவே வேண்டாம். மொழிபெயர்ப்புக்கு அவை தேவையில்லை. செய்திகளைப் பதிந்து வைப்பதைத் தொழிலாளரிடம் அவர் மொழியிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே இந்தச் சம்மதம்தான். பாட்டின் ரகசியச் சாவியை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. அது கிடைத்தவர் உங்கள் பெயரில் எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 'பி.எம்.கிசான்' என்று ஒரு செயலி வந்தது. அதுவும் இப்படிப்பட்ட பாட்தானா?

இல்லை. 'ஏ.பி.கே' என்று முடியும் கோப்பாக வந்திருந்தால் தொடவே வேண்டாம். பி.எம்.கிசான் பெயரில் இப்படிக் கோப்பு அனுப்பி, கைப்பேசியைத் தன்வசப்படுத்திப் பணத்தைத் திருடும் மோசடி பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. உண்மையான பாட்டோடு உரையாட எந்தக் கோப்பையும் நிறுவத் தேவையில்லை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: இன்டர்நெட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

பாட் ஓடாது. அதனால் தடுப்பூசி நாள், மருந்து தெளிக்கும் நாள், கடும் வெயில் நாள் ஆகியவற்றுக்கான அறிவிப்புகளை இந்தி, ஒடியா, வங்காளத்தில் அச்சிட்டுக் கொட்டகை வாசலில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்காகக் குளோரின் டப்பாவின் படத்தைப் போட்டு அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போடலாம். அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

டெலிகிராமில், ஒரே ஒரு மொழியில், ஒரே ஒரு கொட்டகையில் தொடங்குங்கள். முதல் மாதம் வருகை, முட்டை எண்ணிக்கை, தீவன இருப்பு போன்ற ஆபத்தில்லாத செய்திகளை மட்டும் அனுப்புங்கள். பதிவாகும் ஷீட்டை, தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து படித்து, தப்பாகப் போன சொற்களை அட்டவணையில் ஏற்ற வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்கு வருடமாக உங்கள் பண்ணையிலேயே இருக்கும் மூத்த தொழிலாளியாகத்தான் இருப்பார். இத்தனை நாள் கூலி வாங்காமல் துபாஷி வேலை பார்த்தவர் அவர். இந்த வேலைக்கு அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள். அட்டவணை ஓரளவு நிறைந்து, தப்புகள் குறைந்த பிறகு மருந்து பற்றிய செய்திகளை, கேட் வால்வு வழியாக மட்டும், அனுப்பத் தொடங்கலாம்.